எடுத்துக்கோங்க சார்

தனியாக வரும் விருந்தினரோடு சேர்ந்து கோல்ஃப் ஆட ஒரு ஆள் வேண்டும். விடுதியில் அந்த ஆள் ரூத். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புகளை வெட்டி உண்டாக்கியது அந்த விடுதியின் மைதானம். ரூத்தின் அம்மா செல்லம்மா அங்கே புல்லில் களை எடுக்கிறாள். அதற்கு முன்னால் பிறர் வயல்களில் களை எடுத்தாள். பன்னிரண்டாவது முடித்ததும் ரூத் கேடியாகச் சேர்ந்தாள். ஆட வருகிறவர்களின் ஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிற வேலை. பெண் கேடிகள் இருந்தால் விளம்பரப் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருந்தது.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்று கேடிகள் ஆடுவார்கள். விருந்தினர் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன ஸ்டிக்குகள், தோப்புக்குள் பொறுக்கிய பந்துகள். அவர்களில் நன்றாக ஆடுகிறவன் ஜெரோம். ரூத்தின் தெருக்காரன், அவளைவிட ஒரு வயது மூத்தவன். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் உயரத் தூக்கி அடித்த பந்து எங்கேயோ போய் விழும். ஜெரோம் தாழ்வாக அடிப்பான். அவன் பந்து காற்றுக்கு அடியில் நுழைந்து போகும். அவனை ஜெயிக்க வேண்டுமென்றால் அவளும் அப்படி அடித்தாக வேண்டும். தோற்றால் அடுத்த திங்கள் வரை கேலி. அந்தக் கேலி பொறுக்காமலே அவள் ஆட்டக்காரி ஆனாள். அங்கே யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பந்து குழியின் விளிம்பில் நின்றாலும் தட்டி உள்ளே தள்ளினால்தான் கணக்கு. அந்தத் தட்டலும் ஓர் அடி; குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே ஜெயம்.

அவள் ஜெரோமை ஜெயித்த ஒரு திங்கட்கிழமை, மேலாளர் கோதண்டராமன் தற்செயலாக அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தார். மறுவாரம் அவளுக்குக் காலர் வைத்த வெள்ளைச் சட்டை வந்தது. நெஞ்சில் 'பிளேயிங் பார்ட்னர்' என்ற பட்டை. இனி அவள் ஸ்டாஃப், கேடிகளோடு ஆடக் கூடாது என்றார் கோதண்டராமன். இன்னொரு விஷயத்தை மைதானத்துக்கே கூட்டிப்போய்ச் சொன்னார். விருந்தினரின் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் அவர் அதை உள்ளே தட்ட வேண்டியதில்லை. போட்டதாக வைத்துக்கொள்ளலாம். 'எடுத்துக்கோங்க சார்' என்று அவள் சொல்ல வேண்டும். அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அவரைக் கேட்க வைக்கக் கூடாது.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் ஜெரோம் சட்டையை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா பார்ட்னரு, எங்களாண்டல்லாம் பேசலாமா, மேனேஜர கேட்டுகினு வரணுமா?"

அவள் சிரித்தாள். அப்போது சிரித்ததை நினைத்தால் இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை தவறாமல் வருகிறவர் ஹரிஹரன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி வைத்திருப்பவர். அவருக்குப் பை தூக்குவது ஜெரோம். ஹரிஹரன் கெட்டவராக இருந்திருந்தால் ரூத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தன் தண்ணீர் பாட்டிலை அவளுக்குக் கொடுப்பார். செல்லம்மாவின் முட்டிவலியை விசாரிப்பார். பிறகு அவள் அடித்ததும், "தோள் இன்னும் கொஞ்சம் திரும்பணும் ரூத்" என்பார். தான் அடித்த பந்தைத் தேடித் தோப்புக்குள் நடந்துகொண்டே இதைச் சொல்வார். ஜெரோம் அவருக்குப் பின்னால் பையோடு போவான். ரூத் வெயிலில் நின்று காத்திருப்பாள்.

குழிக்குப் பக்கம் என்பது முதலில் ஒரு சாணாக இருந்தது. பிறகு முழமானது. பிறகு ஒரு ஸ்டிக்கின் நீளம். அவர் பதிலுக்கு, "நீயும் எடும்மா" என்பார். அவள் பந்தும் குழியில் விழாமலே கைக்கு வந்தது. ஆரம்பத்தில் கூசியது. பிறகு இடுப்பு தானாகவே குனிந்தது. கடைசிக் குழியில் அவரைவிட ஓர் அடி கூடுதலாக அடித்துத் தோற்கவும் கை பழகிக்கொண்டது. தாழ்வாக அடிப்பதை விட்டுவிட்டாள். பந்து உயரப் பறந்தால்தான் விருந்தினருக்குப் பிடிக்கிறது. இப்படி மூன்று வருஷம் போயிற்று.

பெங்களூரில் தகுதிப் போட்டி என்று அறிவிப்பு வந்தது. அதில் தேறினால் பெண்களுக்கான தொழில்முறை ஆட்டக்காரர் அட்டை. அது கிடைத்துவிட்டால் நாடெங்கும் போட்டிகளில் ஆடலாம். வெள்ளைச் சட்டையைக் கழற்றி எறிந்துவிடலாம். கோதண்டராமன் லீவு கொடுத்தார். இந்த ஒரு தடவைதான், அடுத்த வருஷம் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டே கொடுத்தார்.

முதல் நாள் அவளோடு ஆடிய பெண்கள் இருவரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடித்தார்கள், நடந்தார்கள், அடித்தார்கள். அவர்களுடைய வேகத்துக்கு நடந்ததில் அவளுடைய மூச்சும் சீரானது. யாருடைய பந்தையும் தேட வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காற்று அடித்தபோது அவள் கைகள் பந்தைத் தாழ்வாக அனுப்பின. அவளைக் கேட்காமலே அனுப்பின. பந்து காற்றுக்கு அடியில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சந்தோஷத்துக்கு முன்னால் ஆத்திரம் வந்தது. இது இத்தனை நாளும் கையிலேயே இருந்திருக்கிறது. எவ்வளவு சனிக்கிழமைகளை அந்தத் தோப்பின் ஓரத்தில் நின்று தொலைத்திருக்கிறாள்.

கடைசி நாள், கடைசிக்கு முந்திய குழி. அன்று அவளோடு ஆடி அவள் கணக்கைக் குறித்தவள் ஒரு பெங்களூருப் பெண். ரூத் தூரத்திலிருந்து தட்டிய பந்து உருண்டு வந்து குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நல்ல அடி. ரூத் நடந்து போனாள், குனிந்தாள், பந்தை எடுத்துக்கொண்டாள்.

பெங்களூருப் பெண் தன் கையைப் பாதி உயர்த்தியபடி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தன் கையில் பந்து இருப்பது ரூத்துக்குத் தெரிந்தது.

நடுவர் வந்தார். விதி எளிமையானது. ஓர் அடி அபராதம், பந்தை இருந்த இடத்திலேயே வைத்துத் தட்ட வேண்டும். வைத்தாள். தட்டினாள். விழுந்தது. கண் தெரியாதவர்கூடப் போடக்கூடிய பந்து.

அந்த ஓர் அடியில் அட்டை போயிற்று. பெங்களூருப் பெண்ணுக்குக் கிடைத்தது. அவள் வந்து தோளைத் தொட்டு, துரதிர்ஷ்டம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இதில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை என்று ரூத் நினைத்தாள். ஓர் உடம்பை மூன்று வருஷம் குனியப் பழக்கினால் அது குனியும்.

செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி வீடு வந்தாள். செல்லம்மா என்ன ஆயிற்று என்று கேட்டாள். போயிடுச்சு என்றாள் ரூத். எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லவில்லை. களை எடுக்கிற பெண்ணிடம், ஒரு சாண் தூரத்தில் இருந்த பந்தைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது.

சனிக்கிழமை ஹரிஹரன் வந்தார். தன்னிடம் பொருள் வாங்குகிற ஒரு கம்பெனிக்காரரையும் கூட்டி வந்திருந்தார். ரூத்தைப் பார்த்ததும் விசாரித்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். முதல் குழியை நோக்கி நடந்துகொண்டே அறிவுரை சொன்னார்.

"எப்பவுமே நம்மளவிட நல்லா ஆடறவங்களோட ஆடணும் ரூத். அப்பதான் நம்ம ஆட்டம் ஏறும். என்னையே பாரு. மூணு வருஷமா உன்னோட ஆடி எவ்வளவு மாறியிருக்கேன்."

"நான் யாரோட ஆடினேன் சார்?" என்றாள் ரூத்.

அவர் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டு நண்பரைப் பார்த்துச் சிரித்தார். நண்பரும் சிரித்தார். பையைச் சுமந்துகொண்டு வந்த ஜெரோம் மட்டும் சிரிக்கவில்லை.

முதல் குழியில் ஹரிஹரனின் பந்து ஒரு ஸ்டிக் தூரத்தில் நின்றது. அவர் குனியப் போனார். வழக்கமான வார்த்தை வரவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரூத்?"

"போட்டுட்டு எடுங்க சார்."

அவர் தட்டினார். பந்து குழியைத் தாண்டி ஓடியது. திரும்பத் தட்டினார். விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. நண்பர் தன் கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டார். இரண்டாவது குழியிலும் ரூத் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவதிலும் சொல்லவில்லை. தன் பந்தையும் அவள் எடுக்கவில்லை. ஒரு சாண் தூரமாக இருந்தாலும் நின்று, பார்த்து, தட்டிப் போட்டாள். ஹரிஹரனின் காதுகள் சிவந்தன. தோள் திருப்பத்தைப் பற்றி அன்று அவர் பேசவில்லை. அவர் தவறவிடுவதைப் பார்த்தால் ஆத்திரம் அடங்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அடங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தட்டுவதற்கு முன்னால் அவர் நண்பரைத் திரும்பிப் பார்த்தபோது எரிச்சல் கூடத்தான் செய்தது. ஒன்பதாவது குழி முடிந்ததும் வெயில் அதிகம் என்று சொல்லி அவர் நண்பரோடு உள்ளே போய்விட்டார்.

கோதண்டராமன் கத்தவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அவர் ஆடறதுக்கா வர்றார்? நல்லா ஆடினோம்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறதுக்கு வர்றார். அத நீதான் கொடுக்கணும். ஒரு சாரி சொல்லிடு, முடிஞ்சுது."

"நான் பை தூக்கறேன் சார். கேடியாவே போட்டுடுங்க."

யாராவது ஏறின படியில் இருந்து தானாக இறங்குவார்களா என்று கேட்டார். அவள் சாரி சொல்லவில்லை. கேடியாகவே இருக்கலாம், சட்டையைத் துவைத்துத் திங்கட்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றார் கடைசியில். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரலில் கோபம் வந்தது.

வீட்டில் செல்லம்மா வெடித்தாள்.

"மூணு வருசம் வெள்ளை சட்ட போட்டுகினு ராணி மாறி நடந்த. ஒரு வார்த்த சொல்றதுக்கு வாய் வலிக்குதா உனக்கு? தெனம் நூறு பேருக்கு நான் வழி வுட்டு நிக்கல?"

ரூத்துக்கு அம்மா மீதும் கோபம் வந்தது. அவள் சொன்னது நியாயமாக இருந்ததால் வந்த கோபம். சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

திங்கட்கிழமை சட்டையை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நேரே மைதானத்துக்குப் போனாள். கேடிகள் நாலு பேர் முதல் குழிக்கான இடத்தில் கூடியிருந்தார்கள். ஜெரோம் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் நானும் ஆடுகிறேன் என்றாள். சனிக்கிழமை அவள் செய்ததை அவன் பார்த்திருக்கிறான். கேலி செய்வான், பிறகு சேர்த்துக்கொள்வான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அவன் கேலி செய்யவில்லை.

"வேணாம் ரூத்து. உங்கூட ஆடுனா என் ஆட்டம் கெட்டுப் பூடும்."

மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஜெரோம் எழுந்து நின்றான்.

"கோச்சிகினா கோச்சிக்கோ. மூணு வருசமா பை தூக்கிகினு உன் பின்னாலதான் வந்துகினு கீறேன். பந்த மேல மேல தூக்கி வுட்டுகினு, கடைசில தோத்துகினு. நான் பாத்துகினுதான கீறேன். அடுத்த வருசம் ஆம்பளைங்க செலக்சனுக்கு நான் போறேன். எனக்கு எதிர்ல கெட்டியா ஆடுற ஆளு வேணும்."

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. எந்த வார்த்தையை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹரிஹரனின் முகத்தில் எறிய நினைத்து விழுங்கினாளோ, அதே வார்த்தையை இவன் அவள் முகத்தில் எறிகிறான். அதுவும் தப்பில்லாமல் எறிகிறான்.

நால்வரும் அடித்துவிட்டு நடந்தார்கள். ரூத் அங்கேயே நின்றாள். அவர்கள் முதல் குழியை முடித்து நகர்ந்ததும் தன் பந்தை வைத்து அடித்தாள். தனியாக, அவர்களுக்கு ஒரு குழி பின்னால் ஆடிக்கொண்டே போனாள். பாதிப் பந்துகள் உயரே போய்க் காற்றில் சிக்கி விலகின. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேடிப்போய் எடுத்தாள். ஜெரோம் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் ஏறியது. கடற்காற்று வலுத்தது. எந்தக் குழியில் என்று அவளுக்கு நினைவில்லை, கைகள் மாறின. பந்து தரையை ஒட்டிச் சீறிக்கொண்டு போனது. அடுத்ததும் போனது.

ஏழாவது குழியில் அவர்கள் நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஆள் இருக்கும்போது அடிக்கக் கூடாது. ஆட வருகிற எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரும் மரியாதை அது. ரூத் அடித்தாள். பந்து தாழ்வாகப் பறந்து, நால்வருக்கும் நடுவில் புல்லைக் கிழித்துக்கொண்டு ஓடி, அப்பால் சவுக்கு வேருக்குப் பக்கத்தில் நின்றது. அவர்கள் சிதறினார்கள்.

ஜெரோம் ஸ்டிக்கை ஓங்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தான்.

"கண்ணு அவிஞ்சு பூச்சா? மண்டைல பட்டிருந்தா?"

"மெதுவா ஆடிகினு கீறீங்க," என்றாள் ரூத். அவள் நிற்காமல் நடந்து வந்தாள். "எவ்ளோ நேரம் உங்க பின்னால நிக்கறது? வழி வுடு. இல்லாகாட்டி சேத்துக்கோ."

அவன் அவளை முறைத்தான். பிறகு அவள் பந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். அவள் நின்று அடித்த இடத்திலிருந்து வேர் வரைக்கும் பார்த்தான். காற்று அவன் சட்டையை உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தது.

மற்றவர்களில் ஒருவன், பாவம், பந்தைப் புல்லுக்கு நகர்த்தி வைத்துக்கொள்ளட்டும் என்றான். வேரில் சிக்கினால் ஸ்டிக் உடைந்துவிடும்.

"நகத்தாத," என்றான் ஜெரோம், அவளிடம். "எங்க கெடக்குதோ அங்கேருந்து ஆடு."

ரூத் வேருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கால் வைக்கச் சரியான இடமில்லை. ஒரு காலை மண்ணில் ஊன்றி, இன்னொன்றை வேரின் மேல் வைத்தாள். நால்வரும் காத்திருந்தார்கள். அவள் அடித்தாள்.