தெருக்குத்து வீட்டுத் தொட்டி

நேற்று மதியம் கடைக்கு வந்த ஒரு தம்பியின் சட்டையில் பழைய சுண்ணாம்பு வாசம் அடித்தது. சுண்ணாம்புக்கு என்ன வாசம் என்று நீங்கள் சிரிக்கலாம். ஹார்டுவேர் கடையில் பாதி வாழ்க்கையை நின்றே கழித்தவனுக்கு, புதுச் சுண்ணாம்பும் இடித்த வீட்டுச் சுண்ணாம்பும் ஒன்றல்ல. இடித்த வீட்டுச் சுண்ணாம்பில் அடுப்புப் புகையும் தேங்காய் எண்ணெயும் யாரோ உடம்புக்கு முடியாமல் கிடந்த அறையின் புழுக்கமும் கலந்திருக்கும்.

தகரக் கொட்டகைக் கதவுக்குக் கீல் வேண்டும் என்றான்.

"எங்க தம்பி வேலை?"

"பக்கத்துலதாண்ணே. மூணாவது தெரு முக்குல, தெருக்குத்து வீடு தெரியும்ல? முன்னாடி பிளாஸ்டிக் கடை இருந்துச்சே, அதத்தான் இடிக்கிறோம். அஞ்சு மாடி வருது."

நான் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவன் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, கீலு கேட்டேன். இது தாப்பாளு."

அந்த வீட்டில் ஒரு காலத்தில் நாங்கள் குடியேறியிருக்க வேண்டியது. அதை அந்தத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? முன்பின் தெரியாத மனிதரிடம் மணி கேட்கவே எனக்குக் கூச்சம். உங்களிடம் என்றால் சொல்லலாம்.

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒத்தி வீடுதான். ஒத்தி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. ஒரு தொகையை மொத்தமாக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது. காலி செய்யும்போது அந்தத் தொகை அப்படியே திரும்பி வரும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அப்படியே திரும்பி வரும் என்பதுதான் அதில் உள்ள கேடு. நம் பணம் வீட்டுக்காரர் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும். வெளியே வெங்காயத்திலிருந்து மனை வரைக்கும் எல்லாம் விலை ஏறியிருக்கும். எழுந்து வரும் பணம், போனபோது வாங்கக்கூடியதில் பாதியைக்கூட வாங்காது.

ஒத்தி வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எத்தனையோ பேர் வீட்டுக்கு ஆணி எடை போட்டுக் கொடுத்த என் வீட்டில், மாதா படம் ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கியது. காற்றடித்தால் மாதா திரும்பிக்கொள்வாள். "நம்ம வீட்டப் பாக்கப் பிடிக்காம தெருவப் பாக்குறா" என்பாள் என் மனைவி ஸ்டெல்லா.

அப்போது இருந்த வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, மகளுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார். கெடு முடிய ஆறேழு மாதம் இருந்தது. அவர் போனதும் ஸ்டெல்லா சொன்னாள்: "இனிமே ஒத்தி வேணாங்க. கோழிக்கூடா இருந்தாலும் நம்ம பேர்ல இருக்கட்டும்."

ஒத்திப் பணம், அவள் கட்டிவந்த சீட்டு, அவள் கழுத்தில் கிடந்த நகை. எங்கள் கையில் இருந்தது அவ்வளவுதான். வங்கிக்கும் போய்ப் பார்த்தேன். சம்பளச் சிலிப் கேட்டார்கள். எங்கள் முதலாளி சனிக்கிழமை சாயங்காலம் கல்லாவிலிருந்து எடுத்துக் கையில் வைப்பார். அதற்கு ஏது சிலிப்? அந்த அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, இல்லை என்று சொன்னார்.

அப்புறம் புரோக்கர் செல்லையா வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது கோயில் வாசலில் மொபெட்டோடு நிற்பார். முதல் நாள் எங்கள் தொகையைக் கேட்டார். நான் அவர் காதுக்குள் சொன்னேன். ஏதோ சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது போலச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே, அந்தக் காசுக்குக் காம்பவுண்டுச் சுவரு வாங்கலாம். உள்ள வீடு வேணுமா?"

நான் தரையைப் பார்த்தேன். ஸ்டெல்லா விடவில்லை. "சுவரோட ஒரு கதவும் சேத்துப் பாருங்கண்ணே. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

திண்டுக்கல்லில் அந்த நாளில் வீடு பார்ப்பது என்றால் தண்ணீர் பார்ப்பதுதான். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது கர்த்தருக்கும் குழாய் திறக்கிறவருக்கும் மட்டும் தெரியும். ஸ்டெல்லா எந்த வீட்டுக்குப் போனாலும் ஹாலைப் பார்க்க மாட்டாள், படுக்கையறையைப் பார்க்க மாட்டாள். நேரே கொல்லைக்குப் போய்த் தொட்டி மூடியைத் தூக்கி ஒரு சின்னக் கல்லைப் போடுவாள். சத்தத்தை வைத்தே ஆழம் சொல்வாள். "இதுல ஒரு வாரங்கூட ஓடாது. வாங்க போவம்." ஹாலில் மரியாதைக்கு நின்றுகொண்டிருக்கும் நான், உத்தரத்தை மிகவும் கவனமாக ஆராய்ந்த முகத்தோடு பின்னால் போவேன்.

பேகம்பூர்ப் பக்கம் ஒரு வீடு விலைக்கு ஒத்துவந்தது. தோல் பதனிடும் இடம் பக்கத்தில். அந்த வாடை தெரு முக்கிலேயே நம்மைக் கைப்பிடித்து அழைத்துப் போகும். "மூக்குக்கு ஒரு மாசந்தான் கஷ்டம். பெறகு பழகிரும்" என்றாள் ஸ்டெல்லா. அப்போது பக்கத்து வீட்டு அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து எங்களை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். செல்லையா வெளியே போனதும் மெதுவாகச் சொன்னார்: "கெணத்துத் தண்ணியில கைய வச்சா அரிக்கும்மா. நாங்க பொறந்த எடம், கெடக்கோம். நீங்க வெல கம்மின்னு வந்துராதீங்க." அந்த டீயின் ஏலக்காய் வாசம் இன்னும் நினைவிருக்கிறது. நாங்கள் பார்த்த இடங்களிலெல்லாம் உண்மையைச் சொன்னது, விற்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள்தான்.

சித்தையன்கோட்டை ரோட்டில் மனை காட்ட வேன் வைத்துக் கூட்டிப்போனார்கள். ஆளுக்கு ஒரு குஸ்கா பொட்டலம். மஞ்சள் அடித்த கல், சின்னச் சின்னக் கொடி, 'தென்றல் நகர்' என்று ஒரு வளைவு. இங்கே பள்ளிக்கூடம் வருகிறது, அங்கே பஸ் நிற்கும் என்று ஒரு பையன் காற்றில் கையைக் காட்டிக்கொண்டே வந்தான். நான் ஏறக்குறைய பஸ்ஸைப் பார்த்துவிட்டேன். அடுத்த காட்டில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏத்தா, வீடு கட்டவா? மழ பேஞ்சா கம்மாத் தண்ணி இங்கதான் வந்து நிக்கும். பரிசலும் சேத்து வாங்கிக்க!"

ஸ்டெல்லா குஸ்காப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அந்தப் பையனிடமே திருப்பிக் கொடுத்தாள். நான் பாதி தின்றிருந்தேன். மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

இப்படியே அலைந்து, கெடுவுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது செல்லையா ஒருநாள் தலையைச் சொறிந்தார். "ஒரு வீடு இருக்கு. சொன்னா வைவீக. தெருக்குத்து."

தெரு நீளமாக வந்து நேரே நம் வாசலில் முட்டினால் அது தெருக்குத்து. அந்த வீடு விளங்காது என்பது ஊர் நம்பிக்கை. யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் எங்கள் தொகைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. ஸ்டெல்லாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நாம வேதக்காரங்க. நமக்கெதுக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம்? தெருவு வந்து முட்டுனா காத்து நல்லா வரும்." போகிற வழியெல்லாம் ஊர்க்காரர்களின் அறியாமையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனோம். எனக்கே அன்று கொஞ்சம் பேச்சு வந்தது.

வீட்டுக்காரம்மா ராஜாமணி. புருசன் இல்லை. ஒட்டன்சத்திரத்தில் கடை வைத்திருக்கும் மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். ஒரு அறை, ஒரு நடை, ஓட்டுக்கூரை, சுண்ணாம்புச் சுவர். ஸ்டெல்லா வழக்கம்போல நேரே கொல்லைக்குப் போனாள். பூமிக்குள் இறக்கிக் கட்டிய கல் தொட்டி, பலகை மூடி. தூக்கிக் கல்லைப் போட்டாள். அந்த 'ளொபக்' சத்தம் எனக்கே கேட்டது. வேறெந்த வீட்டிலும் அப்படிக் கேட்டதில்லை.

"ஏத்தா, குடிக்கிற தண்ணியில கல்லப் போடுறியே!" என்று ராஜாமணி அக்கா கத்தினார்.

ஸ்டெல்லா குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பெண் பார்க்கப் போன அன்றுகூட அவள் முகம் அப்படி இல்லை.

"எம்புருசனத் தெருவு ஒண்ணும் குத்திக் கொல்லல தாயி, குடிச்சுச் செத்தாரு. ஊருக்கே தெரியும். ஆனாலும் வீட்டச் சொல்லுவாக" என்றார் ராஜாமணி அக்கா. விலை பேசினார்கள். பேசினார்கள் என்றால் ஸ்டெல்லாவும் அவரும். நான் உத்தரத்தைப் பார்த்தேன். இந்த முறை நிஜமாகவே, நல்ல உத்தரம். அவர் இறங்கினார், இவள் ஏறினாள், ஒரு இடத்தில் இருவரும் நின்றார்கள். "அப்பறம் என்ன அப்பு, அச்சாரத்தக் குடுத்துட்டுப் போங்க" என்றார் என்னைப் பார்த்து. அச்சாரம் என்பது பேச்சை உறுதி செய்யும் முன்பணம். சின்னத் தொகைதான், ஆனால் கை மாறிவிட்டால் இங்கே யாரும் பேச்சு மாற மாட்டார்கள். அதற்கென்று என் சட்டைப் பையில் நோட்டு வைத்திருந்தேன். பையைத் தொட்டேன். ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. நெற்றியில் சாம்பல் பூசி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள், கறி எடுக்க மாட்டார்கள், பீடத்தில் பூ வைக்க மாட்டார்கள். வீட்டுக்கு அச்சாரம் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. நல்ல காரியம் என்றால் ஈஸ்டருக்கு அப்புறம். அது எங்கள் ரத்தத்தில் இருந்தது.

"ஈஸ்டர் பாஸ்கா முடியட்டும்க்கா. திங்கக்கெழம காலையிலயே அச்சாரத்தோட வந்துருவோம்" என்றாள் ஸ்டெல்லா.

ராஜாமணி அக்கா முகவாயில் கை வைத்தார். "எங்காளுகதான் ஆடிம்பாக, மார்கழிம்பாக. உங்களுக்குமா?"

சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். பையிலிருந்த நோட்டு எங்களோடு திரும்பி வந்தது.

அந்தத் தவக்காலத்தில் ஸ்டெல்லா ஒரு நாள் விடாமல், ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள். எந்தச் சுவரில் ஆணி அடித்து மாதாவை மாட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள். நான் கடையிலிருந்து நல்ல ஆணியாக ஒன்று எடுத்து வந்து கொடுத்தேன். முதலாளியிடம் காசு கொடுத்துத்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு, குருத்தோலை ஞாயிறன்று பவனி அந்தத் தெரு வழியாகத்தான் போகும். கையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடிக்கொண்டு போனோம். முக்கில் கூட்டம் திரும்பியபோது வீட்டைப் பார்த்தோம். வாசல் உத்தரத்தில் பொம்மை முகம் வரைந்த திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. முன்சுவரை உடைத்து ஷட்டருக்குச் சட்டம் நிறுத்தியிருந்தார்கள். பவனியிலிருந்து விலகி ஓட முடியாது. முன்னால் சாமியார், பின்னால் பாடற்குழு. எனக்குப் பாட்டு நின்றுவிட்டது. ஸ்டெல்லா நிறுத்தவில்லை. முன்பைவிடச் சத்தமாகப் பாடினாள். ஓலை மட்டும் அவள் கையில் நுனியிலிருந்து கிழிந்துகொண்டே வந்தது.

மறுநாள் போனோம். ராஜாமணி அக்கா சாமான் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மகன் முடிச்சுட்டான் தாயி. கடைக்குத் தெருக்குத்து ரொம்ப நல்லதாம்ல, யாவாரத்தத் தூக்கிக் குடுக்குமாம். ஒரு பிளாஸ்டிக் யாவாரி வந்து கேட்ட அன்னைக்கே காச எண்ணி வச்சுட்டாரு. நீங்க நூத்தியொரு ரூவா அச்சாரம் குடுத்திருந்தாக்கூட நான் மகங்கிட்ட மல்லுக்கு நின்னுருப்பேன். என்னத்தச் சொல்லி நிக்க? அவுகளுக்கு நோம்பு முடியலடான்னா?"

கெடு முடிந்தது. வேறு ஒத்திக்குப் போனோம். அதற்கப்புறம் இன்னொன்று, இன்னொன்று. செல்லையா கொஞ்ச காலம் கோயில் வாசலில் நின்றார். பிறகு எங்களைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கார் வாங்கிவிட்டார். பிளாஸ்டிக் கடை நன்றாக நடந்தது. குடம், வாளி, தண்ணீர் டிரம் எல்லாம் தெரு வரைக்கும் அடுக்கியிருப்பார்கள். ஸ்டெல்லா ஒருநாளும் அங்கே குடம் வாங்கவில்லை. குடம் வேண்டுமென்றால் பஸ் ஏறி நிலக்கோட்டைக்குப் போவாள். கேட்டால் அங்கே மல்லிகைப்பூ மலிவு என்பாள்.

நேற்றுச் சாயங்காலம் கடை முடிந்து அந்த வழியாகப் போனேன். வீடு இல்லை. தெரு நேரே ஓடிவந்து எதிலும் முட்டாமல் நின்றது. பின்னால் தொட்டி மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. இடித்த ஓடு, செங்கல், சுண்ணாம்புக் கட்டி எல்லாவற்றையும் ஜேசிபி வாரி அதற்குள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு வீடு முழுவதும் அதன் தொட்டிக்குள் போய்விட்டது. அவ்வளவு பெரிய தொட்டி. கீல் வாங்கிய தம்பி என்னைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இந்தப் பக்கம்?" என்றான்.

"சும்மாதான்" என்றேன்.

இந்த ஒத்தியும் வருகிற மாதம் முடிகிறது. வீட்டுக்குப் போனபோது ஸ்டெல்லா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாதா ஜன்னல் கம்பியில் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். முன்பெல்லாம் எந்த வீட்டில் 'விற்பனைக்கு' என்று எழுதித் தொங்கினாலும் ஸ்டெல்லாவின் நடை செத்த நேரம் தாமதிக்கும். அது நின்று பல வருடமாகிறது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, தெருக்குத்து வீட்டை இடித்துவிட்டதைச் சொன்னேன்.

அவள் நிமிரவில்லை. "தொட்டி?"

"மூடுறாங்க."

"தண்ணி கெடந்துச்சா?"

"கெடந்துச்சு."

அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தாள். "நான் போட்ட கல்லும் அடியிலதான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு, அதை வாசல் பக்கம் சுண்டி எறிந்தாள்.