தீப்பொறி அத்தை தேடப் போனாள்

எங்கள் கந்தலார் ஊரில் யாரையும் ஞானஸ்நானப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. அந்தப் பெயர் பாதிரியாருக்கும் கல்லறைக் கல்லுக்கும்தான். மற்றபடி ஆளுக்கொரு பட்டப்பெயர். என் பெயர் கசில்தா, ஆனால் மலை முழுக்க என்னை 'முணுமுணுப்பு' என்றுதான் தெரியும். ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். தீப்பொறி அத்தைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஓநாய்க் கணவாய்ச் சாலையில் அவள் சைக்கிளில் இறங்கும் வேகத்தை ஒரு தடவை பார்த்தாலே போதும்.

இளவயதில் அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மேலே இருக்கிற ஊர்களுக்கு அப்போது பஸ் கிடையாது. மருந்தையெல்லாம் பையில் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவாள். பெண்பிள்ளை கால் தெரிய சைக்கிள் ஓட்டலாமா என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே கண்டித்தார். சில நாளில் அவருக்கே மூலத்துக்கு மருந்து தேவைப்பட்டது. அத்தை அதை ஊர்ச் சதுக்கத்தில் எல்லார் முன்னாலும் நீட்டி, "காலைல ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி தடவணும் ஃபாதர், கூச்சப்படாதீங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பிரசங்கத்தில் சைக்கிள் வரவில்லை.

அப்புறம் வெளிநாட்டுக்காரர்கள் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். உடம்போடு ஒட்டின கால்சட்டை, வெயிலில் வெந்து சிவந்த மூக்கு. காசையும் கொடுத்து, மலையும் ஏறி, மூச்சும் வாங்குகிற ஜனங்களை எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. ஆனால் அவர்களுடைய பெட்டிகளை ஊருக்கு ஊர் வேனில் ஏற்றிப் போய்த்தான் நான் சாப்பிடுகிறேன் என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன். அத்தைதான் அவர்களுக்கு வழிகாட்டி. எந்த ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், எந்தத் தேவாலயத்துச் சாவி எந்த வீட்டம்மாவிடம் இருக்கிறது, அந்த அம்மா மதியத் தூக்கம் முடிந்து நல்ல முகத்தோடு எப்போது கதவு திறப்பாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எந்தப் பாஷைக்காரர் வந்தாலும் நாலு வார்த்தையும் இரண்டு கையும் வைத்துச் சமாளித்துவிடுவாள்.

எழுபது தாண்டிய பிறகு மறதி வந்தது. முதலில் சாவி மாறிப்போனது. பிறகு காபியில் உப்பு விழுந்தது. பிறகு பெற்ற மகள் பிலாரைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாள். கால்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. அதுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று. யாரும் பார்க்காத நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். போகத் தெரியும், திரும்பத் தெரியாது.

அவள் கணவர் தக்காளி மாமாவுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. முழங்கால் வேறு மடங்காது. தக்காளித் தோட்டம் உண்டு, தான் உண்டு என்று இருந்த மனிதர். சரகோசா நகரத்தில் இருக்கும் மகள் பிலார் ஒரு நாள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, இன்னொரு தடவ அம்மா தொலைஞ்சா, சைக்கிள யார்கிட்டயாவது குடுத்துடுங்க. இல்லன்னா நானே வந்து அவங்கள ஹோம்ல சேத்துடுவேன்."

அவள் சொல்வதிலும் தப்பில்லை. மாமா ஒரு தடவை சைக்கிளைக் கொட்டகையில் வைத்துப் பூட்டியும் பார்த்தார். அத்தை சாப்பிட மறுத்தாள். கொட்டகைக் கதவருகிலேயே உட்கார்ந்து பூட்டைத் தடவிக்கொண்டு, "என்னை வீட்டுக்கு விடுங்க, என்னை வீட்டுக்கு விடுங்க" என்று அழுதாள். உட்கார்ந்திருந்ததே அவள் வீட்டில்தான். மாமா பூட்டைத் திறந்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"பூட்டுனா ஏங்கியே செத்துருவா. தொறந்துவிட்டா எங்கயாவது விழுந்து செத்துருவா. நீயே சொல்லு முணுமுணுப்பு, நான் எதைச் செய்ய?"

எதற்கெடுத்தாலும் பதில் வைத்திருக்கிறவள் நான். அன்றைக்கு அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காபி மட்டும் ஊற்றிக் கொடுத்தேன்.

போன செப்டம்பரில், மரத்தை உலுக்கி வாதுமைக் கொட்டை சேர்க்கிற சமயம், மாமா தோட்டத்திலிருந்து தக்காளிக் கூடையோடு திரும்பினால் கொட்டகை காலி. நொண்டிக்கொண்டே ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே நகரத்திலிருந்து புதிதாக வந்த எழுத்தர் பையன் ஒருத்தன். ரொம்ப ஒழுங்கான பிள்ளை. அவ்வளவு ஒழுங்கு எங்கள் ஊருக்கு ஆகாது. மாமா மூச்சிரைக்கச் சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கினான். அத்தையின் அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு, ஊர் ஒலிபெருக்கியில் அறிவிப்புக்கு முன்னால் போடும் வழக்கமான பாட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அறிவித்தான்: "இதனால் பொதுமக்களுக்குத் தெரிவிப்பது. வெனான்சியா கில் அஸ்னார் என்ற மூதாட்டியைக் காணவில்லை. வயது எழுபத்தாறு. ஞாபகமறதி உள்ளவர். சிவப்புச் சட்டை அணிந்திருக்கிறார்."

சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுபத்தாறு வயதுக் கிழவி நடந்துதான் போயிருப்பாள் என்று அவனாகவே தீர்மானித்துவிட்டான். அதோடு நில்லாமல், மேலே இருக்கிற ஊர்களுக்கும் போன் போட்டு அதே அறிவிப்பை வாசிக்கச் சொல்லிவிட்டான். என் சமையலறை ஜன்னல் வழியாக அது கேட்டபோது நானே, 'யாருடா இந்த வெனான்சியா?' என்று நினைத்தபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா வந்து கதவைத் தட்டிய பிறகுதான் கத்தியைக் கீழே போட்டேன்.

வேனில் அவரை ஏற்றிக்கொண்டு மேலே விரட்டினேன். அடுத்த ஊர் புவென்செக்கா. அங்கே ஊற்றடியில் மதுக்கடை வைத்திருக்கும் இல்தெஃபோன்சா நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தையின் மறதி பற்றிய பேச்சு அந்த ஊருக்கு இன்னும் எட்டவில்லை. நான் வேனிலிருந்தபடியே கத்தினேன்.

"ஏய், தீப்பொறி அத்தை இந்தப் பக்கம் வந்தாளா?"

"வந்தாளே. தண்ணி குடிச்சா. முட்டை அடை ஒரு துண்டு குடுத்தேன், நின்னுக்கிட்டே தின்னா. அப்பதான் ஒலிபெருக்கில அந்தக் கெழவியத் தேடுற சமாச்சாரம் வந்துச்சு. கேட்டதும் அத்தைக்கு முகமே மாறிப் போச்சு. 'ஐயோ பாவம், எழுபத்தாறு வயசாம், இந்த மலையில என்ன பண்ணுவா'ன்னு சொல்லிட்டு, தேடுறதுக்குக் கணவாய்ப் பக்கம் கெளம்பிட்டா."

"நீ விட்டுட்டியா?"

"விடாம? இந்த ரோட்ட அவள விட யாருக்குத் தெரியும்? 'செகப்புச் சட்டையாம், நல்ல வேளை, தூரத்துலயே தெரியும்'னு சொல்லிட்டுத்தான் போனா."

"அவ என்ன சட்டை போட்டிருந்தா?"

இல்தெஃபோன்சாவின் கையிலிருந்த துணி நின்றது. "செகப்பு" என்றாள்.

"வெனான்சியா என் பொண்டாட்டிதாம்மா" என்றார் மாமா. திட்டவில்லை, சத்தம் போடவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கணவாய் ஏறும்போதே குரல்கள் கேட்டன. "பெனன்ஸா! பெனன்ஸா!" பார்த்தால், அன்றைக்கு என் வேனில் பெட்டி போட்டிருந்த ஹாலந்துக்காரர்கள். வளைவுக்கு ஒருத்தராக நின்று, கையைக் குவித்து, வெனான்சியா என்ற பெயரைத் தங்கள் வாய்க்கு வந்தபடி பள்ளத்தாக்கைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். வழியில் அத்தை அவர்களைப் பிடித்து, நாலு வார்த்தையும் இரண்டு கையும் வைத்து விஷயத்தைப் புரியவைத்து, ஆளுக்கொரு இடம் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். பெட்டி ஏற்றும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட மாட்டார்கள். அவள் சொன்னதும் சிப்பாய் மாதிரி நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

உச்சியில் சைக்கிளைப் பிடித்தபடி அத்தை நின்றிருந்தாள். வியர்வை வழிந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. அவளை அவ்வளவு தெளிவாகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. வேலை செய்கிற முகம் அது. மாமா இறங்கி நொண்டி நொண்டி அவளிடம் போனார்.

"வா, வீட்டுக்குப் போலாம்."

"எனக்கு இப்ப நேரமில்லீங்க ஐயா. ஒரு வயசான அம்மாவக் காணோம். நீங்களும் கொஞ்சம் தேடிக் குடுங்க."

ஐயா என்றாள். மாமாவை அவள் இதற்கு முன் 'டேய்' என்றிருக்கிறாள், 'தக்காளி' என்றிருக்கிறாள், கோபம் வந்தால் இங்கே எழுத முடியாததெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஐயா என்று சொன்னதில்லை. அவரை அவளுக்குத் தெரியவில்லை.

"தீப்பொறி, அது நீதாண்டி. உன்னத்தான் தேடுறாங்க."

அத்தை அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "வெயில் ஏறிடுச்சு உங்களுக்கு. உக்காருங்க." பிறகு அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "நீங்க அந்தம்மாவுக்கு என்ன வேணும்?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? இரண்டு பேருமாகச் சேர்ந்து பிடித்து வேனில் ஏற்றலாம். முன்பு ஒரு தடவை அப்படிச் செய்யப்போய், அவள் மிரண்டு போய்க் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"புருஷன்" என்றார் மாமா.

"அதான பார்த்தேன். அழாதீங்க. என் வீட்டுக்காரனும் இப்படித்தான். நான் வர கொஞ்சம் நேரமாச்சுன்னா போதும், வாசல்லயே நின்னுக்கிட்டு அழுமூஞ்சி மாதிரி இருப்பான். நல்ல மனுஷன், ஆனா சுத்தப் பயந்தாங்கொள்ளி." அவர் தோளில் தட்டிக் கொடுத்தாள். "கூப்பிடுங்க. இந்த வெளிநாட்டுக்காரங்க கூப்பிட்டா அந்தம்மாவுக்கு என்ன புரியும்? உங்க குரல் கேட்டா வந்துருவா."

மாமா பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பினார். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சொன்னதோடு சரி, அந்தப் பெயரை அவர் வாய் மறுபடி சொல்லியிருக்குமா என்பதே சந்தேகம்.

"வெனான்சியா!"

"இன்னும் சத்தமா."

"வெனான்சியா! வெனான்சியா!"

அத்தை காதருகே கையை வைத்துக் கேட்டாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு, பள்ளத்தாக்கில் ஏதாவது அசைகிறதா என்று கவனமாகப் பார்த்தாள். எதிர்ப்பாறையில் பட்டு பெயர் மட்டும் திரும்பி வந்தது.

"இந்தப் பக்கம் இல்ல. நான் அந்தப் பக்கம் எறங்கிப் பாக்கறேன்" என்று சைக்கிளைத் திருப்பினாள். மாமா கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக, நோயாளியிடம் எடுப்பதுபோல மெதுவாக எடுத்துவிட்டாள்.

"விடுங்க ஐயா. இருட்டுறதுக்குள்ள கண்டுபிடிக்கணும். நான் கூட்டிட்டு வந்துருவேன், பயப்படாதீங்க."

ஏறி உட்கார்ந்து இறங்கத் தொடங்கினாள். மாமாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. பிலார். அவர் எடுக்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்தார்.

"பின்னாலயே போ முணுமுணுப்பு. ரொம்பக் கிட்ட போயிடாத, மிரண்டுருவா."

நான் இரண்டாம் கியரில் இறங்கினேன். எனக்குக் கண் மறைத்தது, துடைத்துத் துடைத்து ஓட்டினேன். முன்னால் சிவப்புச் சட்டை ஒவ்வொரு வளைவிலும் மறைந்து மறைந்து தெரிந்தது. அவள் சொன்னபடியே மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மலையடிவாரம் வரைக்கும் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.