கண்ணாடிக் குழாயோடு சங்கரன்கோவிலுக்கு முப்பத்தைந்து மைல்

மதுவிலக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் டீச்சர். பொம்பளைப் பிள்ளைகளுக்கு ரசாயனம் என்னத்துக்கு என்று நிர்வாகத்தில் ஒரே பேச்சு. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வரும் ஆய்வாளருக்கு ஒரு செய்முறையாவது காட்டாவிட்டால், பதினோரு மாணவிகளின் அறிவியல் பிரிவை மூடிவிடுவார்களாம். மூடுவார்களோ! பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமையே பாளையங்கோட்டைக்குப் போய், நான் படித்த கல்லூரியில் ஸ்பிரிட்டையும் தண்ணீரையும் பிரிக்கும் கண்ணாடிக் குழாயை, அதற்கான குடுவை, வெப்பமானியோடு இரவல் வாங்கினேன்.

மறுநாள் திருநெல்வேலியில் காலை ஆறேகால் பஸ். கட்டணம் ஒரு ரூபாய் இரண்டு அணா. மற்ற சாமான்கள் பையில்; இரண்டடிக் குழாயை மட்டும் சேலையில் சுற்றி மடியில் கிடத்தியிருந்தேன். "டீச்சர், பிள்ளைக்கும் அரை டிக்கெட் போடவா?" என்றார் கண்டக்டர். முறைத்தேன்.

வழியில் ஒரு மதுவிலக்குச் சாவடி. எதுவென்று எழுதமாட்டேன். ஏட்டையா பஸ்ஸில் ஏறி, சேலையை அவிழ்த்துப் பார்த்தார்.

"சாராயம் காய்ச்சுத சாமான்லா இது? இறங்கும்மா."

"காய்ச்சுததுக்கு இல்ல ஏட்டையா, பிரிக்கதுக்கு. காலேஜ் கடுதாசி இருக்கு, பாருங்க."

"கடுதாசி யாரு வேணாலும் எழுதலாம். பிரிக்குமாக்கும்? எங்க, பிரிச்சுக் காட்டு. இல்லன்னா இங்கனயே உடைச்சிருவோம்."

பஸ் போய்விட்டது. அடுத்தது பதினொன்றேகாலுக்குத்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் குழாயும் போச்சு, பிள்ளைகளும் போச்சு.

"சரி. சாராயத்தக் கொண்டாங்க" என்றேன்.

போன மாசம் பிடித்து முத்திரை வைத்த பானையை எடுத்துவரச் சொன்னார் ஏட்டையா. அங்கிருந்த போலீஸ்காரர் பதறினார். "அது கேஸ் பானை, வேண்டாம் ஏட்டையா." ஏட்டையா கேட்கவில்லை.

டீ போடும் ஸ்டவ்வில் குடுவையை ஏற்றினேன். சங்கதி இதுதான்: சாராயம் கொதித்தால் அதிலுள்ள ஸ்பிரிட், தண்ணீர் இரண்டின் ஆவியும் சேர்ந்துதான் மேலேறும். குழாய் நிறையக் கண்ணாடி மணிகள். ஒவ்வொரு மணியிலும் ஆவி குளிர்ந்து சொட்டாகி, கீழிருந்து வரும் சூட்டில் மறுபடி ஆவியாகும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் பின்தங்கும், ஸ்பிரிட் முந்தும். உச்சியில் வெப்பமானி எழுபத்தெட்டு டிகிரியை ஒட்டி நின்றால் வருவது ஸ்பிரிட். நூறு என்றால் வெறும் தண்ணீர்.

வெப்பமானி எழுபத்தெட்டில் நிற்கவே இல்லை. விறுவிறுவென்று நூறுக்குப் போய்விட்டது! விழுந்த சொட்டில் தீக்குச்சியை வைத்தேன், அணைந்தது.

"குழாய் சரியில்லம்மா."

"குழாயக் குத்தம் சொல்லாதீங்க. பானையில தண்ணிதான் இருக்கு. சாராயம் எங்கன போச்சுன்னு அந்த அண்ணாச்சியக் கேளுங்க."

"ஏலே..." என்று திரும்பினார் ஏட்டையா.

"தினம் ஒரு வாய்தான் ஏட்டையா" என்றார் போலீஸ்காரர்.

பதினொன்றேகால் பஸ்ஸை ஏட்டையாவே கைகாட்டி நிறுத்தினார். "இத வெளிய சொல்லிராதீங்க டீச்சர்."

"சொல்லத்தான் செய்வேன்" என்றேன்.

இரண்டு மணிக்கு, பள்ளியில் இருந்த ஸ்பிரிட்டில் தண்ணீரைக் கலந்து மாணவிகளே அடுப்பை மூட்டினார்கள். வெப்பமானி எழுபத்தெட்டில் நின்றது. முதல் சொட்டு நீலமாக எரிந்தது. ஆய்வாளர் கேள்விகளை என்னிடம்தான் கேட்டார். பதில் சொன்னது பிள்ளைகள். பிரிவை மூடவில்லை.

கண்ணாடிச் சாமானோடு போகிறவர்களே, வைக்கோலை நம்பாதீர்கள், பருத்திச் சேலையே நல்லது. இரண்டு பஸ் முந்திக் கிளம்புங்கள். கடிதம் கையில் இருக்கட்டும். அதையும் மீறி எவனாவது வழிமறித்து நிரூபிக்கச் சொன்னால், கெஞ்சாதீர்கள். ஒரு அடுப்பு கேளுங்கள்.