திருவொற்றியூரிலிருந்து ஊசி போட்டுக்கொள்ளப் போன கதை

எழுபதுகளின் தொடக்கம். சாராயக் கடைகளை மறுபடி திறந்திருந்த காலம். எனக்கு வயது பத்தொன்பது, வயிற்றில் ஐந்து மாதம். பிரசவ விடுதியில் ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, மேக நோய், அதாவது உடலுறவில் தொற்றும் சிபிலிஸ், இருப்பதாகச் சொன்னார். "புருஷனையும் கூட்டிக்கினு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா. ரெண்டு பேருக்கும் ஊசி போடணும். இல்லாட்டி கொழந்தைக்கும் வந்துடும்." இந்தப் பயணத்துக்குக் காரணம் அதுதான்.

என் கணவர் சேவியருக்கு இருபத்திரண்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். கூலி வாங்கிய நாளில் கூட்டாளிகளோடு குடிப்பார். குடித்தபின் எங்கே போவார்கள் என்று நான் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்பே புண் வந்ததாம். யானைக்கவுனி லாட்ஜில் உட்கார்ந்திருந்த ஒரு வைத்தியரிடம் லேகியம் வாங்கித் தின்றாராம், ஆறிவிட்டதாம். "அதான் பூட்ச்சே, இப்போ இன்னாத்துக்கு ஊசி?" என்றார். புண் தானாக ஆறும், நோய் உள்ளேயே இருக்கும் என்று நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க அழுதேன். மறுநாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு, "கெளம்பு" என்றேன்.

எங்கள் திருவொற்றியூரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூரம் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பஸ்ஸில் முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். (இப்போது மெட்ரோ இருக்கிறது, உங்களுக்கு அந்தக் கஷ்டமில்லை.) ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆலைப் புகையும் கரித்தூளும் முகத்தில் அடிக்கும். ராயபுரத்தில் பஸ் நின்றதும் சேவியர் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி விறுவிறுவென்று நடந்தார். நானும் இறங்கினேன். அவர் நுழைந்தது சாராயக் கடை.

பெண்கள் போகிற இடமில்லை. போனேன்.

பெஞ்சில் அவருடைய கூட்டாளிகள் நாலைந்து பேர். "இன்னாம்மா, இங்கெல்லாம் வந்துகினு?" என்றார் ஒருவர்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருந்தோம். இவரு நடுவுல எறங்கிட்டாரு."

என்ன நோய் என்று கேட்டார்கள். சேவியர் தரையைப் பார்த்தார். நான் சொன்னேன். ஒருவர் சிரித்தார். "அது பொம்பள சீக்காச்சே."

"பேரு அப்டி வெச்சிட்டீங்க. எனக்கு ஆம்பளையாண்டருந்துதான் வந்துது," என்றேன். சேவியரிடம், "நீ வந்தாலும் வராங்காட்டியும் நான் போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாப்புக்கு சேவியர் வந்தார். அவருக்குப் பின்னால் கூட்டாளிகளில் சின்னவனான கண்ணன். இன்னும் கல்யாணமாகாதவன். "யக்கா, எனக்கும் புண்ணு கீது. டாக்டரு திட்டுவாரா?"

"திட்டுனா திட்டட்டும். ஏறு."

டாக்டர் திட்டவில்லை. மூன்று பேருக்கும் இடுப்பில் ஊசி போட்டார்கள். அப்படி ஒரு வலி. திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் மூன்று பேரும் நின்றுகொண்டே வந்தோம்.

இப்படிப் போக வேண்டியவர்களுக்குச் சொல்வது: அரசு ஆஸ்பத்திரியில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வரிசை நீளம். புண் ஆறிவிட்டது என்று நின்றுவிடாதீர்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் வராவிட்டால் அவருக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

சேவியர் குடியை விடப் பல வருஷம் ஆனது. அதை மறைக்கவில்லை. ஆனால் மறுபரிசோதனைக்கு ஒருமுறையும் தவறவில்லை. மகள் பிறந்ததும் அவள் ரத்தத்தையும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். அதைச் சேவியர் துறைமுகத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார் போல. சில மாதம் கழித்துக் கண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றான். கூட இன்னும் இரண்டு பேர், குனிந்த தலையோடு.

"யக்கா, இவனுங்க தனியா போவ பயப்படறானுங்க."

மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நானும் அவர்களோடு பஸ் ஏறினேன்.