மேஸ்திரி வீட்டுச் சுவரில் இரண்டரை அங்குலம்

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் பக்கத்து ஹாலில் வேதபாட வகுப்பு. எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. டீ கொடுப்பார்கள், மின்விசிறி நன்றாகச் சுற்றும், அதற்காகப் போய் உட்காருவேன். புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் கரும்பலகையில் என்னென்னவோ எழுதிக்கொண்டே போனவர், கி.மு. 597 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். என் கையிலிருந்த டீ மடியில் கொட்டிவிட்டது. பக்கத்திலிருந்தவர், "இன்னா பெருசு, தூங்கிட்டியா?" என்றார். தூக்கமெல்லாம் இல்லை. அந்த எண்ணைச் சொல்லித்தான் ஒரு காலத்தில் நான் என் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டேன். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்?

அந்த ஹாலில் யாரோ காலையில்தான் ஏதோ விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். மைதாப் பசையும் மயில்துத்தமும் கலந்த வாசனை. அந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு தேவசகாயம் மேஸ்திரி வீட்டுக் கூடம் வந்துவிடும். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால், ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும் என்கிற சந்தில் அவர் வீடு. மேஸ்திரி துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் அதே துறைமுகத்தில் டாலி கிளார்க், அதாவது கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கோடு போட்டு எண்ணுகிறவன். நாலு கோடு, குறுக்கே ஒன்று, மொத்தம் ஐந்து. இதற்கு ஒரு உத்தியோகமா என்று கேட்காதீர்கள். அந்தக் கோடுகளை நம்பித்தான் மேஸ்திரி தன் மகள் லில்லியை எனக்குக் கொடுப்பதாக இருந்தார்.

பெண் பார்க்கப் போன அன்று நான் பெண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தேன். ஆதாமிலிருந்து உலக முடிவு வரை ஆறாயிரம் வருஷத்தை மேஸ்திரி ஒரே நீளப் பட்டையாகக் கூடத்தைச் சுற்றி ஒட்டியிருந்தார். ஒரு வருஷத்துக்கு ஒரு நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பாகத்தைத்தான் ஒர்க்‌ஷாப்பில் நூல் என்பார்கள். வாசல் நிலைக்கு இடப்பக்கம் ஆதாம் ஆரம்பிப்பார். நாலு சுவரையும் சுற்றிவந்து நிலையின் வலப்பக்கத்தைத் தொடும் இடத்தில் உலகம் முடியும். ஒரு நூல் கூடுதல் இல்லை, குறைச்சல் இல்லை. வாடகை வீட்டுக் கூடம் இப்படி அளந்து வைத்ததுபோல அமைந்தது கர்த்தர் காட்டிய அடையாளம் என்பார். நாங்கள் நின்றுகொண்டிருந்த வருஷத்துக்கும் நிலைக்கும் நடுவே மூன்று அங்குலம்கூட மிச்சமில்லை. என் கல்யாணம், பிள்ளைகுட்டி, பதவி உயர்வு எல்லாம் அதற்குள் முடியவேண்டும்.

காகிதம் வேறு சாதாரணக் காகிதமில்லை. பழைய காகிதக் கடையில் எடைக்கு வாங்கிய கப்பல் வரைபடங்கள். கெட்டியாக இருக்கும் என்று அவற்றின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் மறுபக்கத்துக் கடல் ஆழ எண்கள் தலைகீழாகத் தெரியும். ஆபிரகாமுக்குப் பக்கத்தில் ஏழு பாகம் ஆழம், தாவீது ராஜாவுக்குப் பக்கத்தில் பதினொரு பாகம். கடலில் ஆறடிதான் ஒரு பாகம். எது வருஷம் எது ஆழம் என்று எனக்குக் கடைசிவரை புரிந்ததில்லை. 1914-க்கு நேரே தீப்பெட்டி லேபிளிலிருந்து கத்தரித்த சின்னக் கப்பல் ஒன்று ஒட்டியிருந்தது. துறைமுகத்துக்காரர் வீடுதானே, அழகுக்கு ஒட்டியிருக்கிறார் என்று நினைத்தேன்.

அன்றே எனக்கு ஒரு பரீட்சையும் வைத்தார். எருசலேம் விழுந்தது கி.மு. 607. அதிலிருந்து 1914 வரை எத்தனை வருஷம்?

"ரெண்டாயிரத்து ஐந்நூத்தி இருபத்தொண்ணு" என்றேன்.

"ஒண்ணு அதிகம் மாப்ள. கி.மு. ஒண்ணு முடிஞ்சா நேரா கி.பி. ஒண்ணு. நடுவுல பூஜ்யம்னு ஒரு வருசமே கெடையாது. ரெண்டாயிரத்து ஐந்நூத்தி இருபது. தானியேலு சொன்ன ஏழு காலம் அதான், காலத்துக்கு முந்நூத்தி அறுவது வருசம். கரீட்டா அந்த வருசம்தான் உலக யுத்தம் வந்துச்சு, நம்ம பட்டணத்துலயே குண்டு விழுந்துச்சு. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

பூஜ்யம் இல்லாமல் எப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று நான் முழித்தேன். உள்ளறைத் திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பில்தான் விழுந்தேன்.

வில்லங்கம் என் அப்பா ரூபத்தில் வந்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்றவர். மேஸ்திரிக்கு அவர் அண்ணாச்சி. இருவரும் பல வருஷ சிநேகிதர்கள், ஞாயிறு மதியம் சேர்ந்து வேதம் வாசிப்பார்கள். ஆனால் அப்பாவிடம் ஓரத்தில் வருஷங்கள் அச்சடித்த தடித்த விளக்கப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் எருசலேம் விழுந்தது 587. எல்லாச் சரித்திரக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பார் அப்பா. எரேமியா தீர்க்கதரிசி எழுபது வருஷம் என்கிறார், எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்பியது 537, கூட்டிப்பார் என்பார் மேஸ்திரி. அந்த எழுபது வேறு எங்கிருந்தோ எண்ணவேண்டிய எழுபது என்பார் அப்பா. மொத்தத்தில் தகராறு இருபது வருஷம். மேஸ்திரி சுவரில் அது இரண்டரை அங்குலம்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு அறிவிப்பது. எனக்கும் லில்லிக்கும் இரண்டாம் ஓலை வாசித்த அன்று மதியம் மேஸ்திரி வீட்டில் சாப்பாடு. சாப்பிட்ட கையோடு அப்பா எழுந்து, குடை முனையை எருசலேமின் மேல் வைத்தார்.

"மேஸ்திரி, வாற வாரம் சம்பந்தியாகப் போறோம். இந்த இருபது நூலை இப்பமே வெட்டி எடுத்துரும். நாலு பேரு வந்து பார்த்தா சிரிப்பாவ."

"கொடைய எடு அண்ணாச்சி."

"வேதத்துக்குப் பொய்க்கணக்கு எழுதலாமாவே?"

"கொடைய எடுன்றேன்ல? வெட்டிட்டா கடைசில இன்னா கீது? வெறும் சொவுரு. கர்த்தரு எனுக்கு அளந்து குடுத்த சொவுரு இது."

அப்பா குடையை எடுக்கவில்லை. மேஸ்திரி கழுத்து நரம்பு புடைக்க என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ சொல்லு. நாளிக்கு இந்த வூட்டுப் புள்ள நீ. அறுநூத்தி ஏழா, ஐந்நூத்தி எம்பத்தேழா?"

இந்த இடத்தில் துறைமுகத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். மூட்டை இறங்கும்போது கப்பல் பக்கம் ஒரு கிளார்க் எண்ணுவான், கரைப் பக்கம் ஒரு கிளார்க் எண்ணுவான். சாயங்காலம் ஒத்துப் பார்த்தால் அநேகமாக ஒத்துப்போகாது. அவன் நானூற்றுப் பன்னிரண்டு என்பான், நான் நானூறு என்பேன். மறுபடி எண்ண நேரம் ஏது? நடுவில் நானூற்றாறு என்று போட்டு இருவரும் கையெழுத்து வைத்துவிட்டு டீக்கடைக்குப் போவோம். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. ஆறு வருஷமாக தினமும் இதைச் செய்தவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே ஞானம் அதுதான்.

எழுந்து நின்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"ஐந்நூத்தி தொண்ணூத்தேழுன்னு வெச்சிக்குவோம். ஆளுக்குப் பத்து வருசம் விட்டுக்குடுங்க."

அவ்வளவு புத்திசாலித்தனமாக நான் அதற்கு முன்பும் உணர்ந்ததில்லை, பின்பும் உணர்ந்ததில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. அந்த முகத்தில் கோபம் இல்லை. "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சந்து முனை வரை வந்த அப்பா, அங்கே நின்று குடையால் தரையைக் குத்தினார். "ஏல, அவனும் தப்பு, நானும் தப்பு, நீ மட்டும் சரியோ? ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. இரண்டு பேருக்கும் சமமாகத்தானே கொடுத்தேன்?

அடுத்த ஞாயிறு புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாதிரி ஐயர் ஓலை வாசித்தார். வேறு இரண்டு ஜோடிகளின் பெயர் வந்தது, எங்கள் பெயர் வரவில்லை. மேஸ்திரி முந்தின நாளே சொல்லி நிறுத்தியிருக்கிறார். எல்லோரும் எழுந்து பாட்டுப் பாடும்போது நான் உட்கார்ந்தே இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் லில்லியைப் பிடித்தேன். ஆசிரியைப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கையில் புத்தகங்கள். "எந்த வருசம் சொல்லணுமோ சொல்லு லில்லி, போய் உங்கப்பாகிட்ட அதையே சொல்றேன்" என்று கெஞ்சினேன். அதுவரை என்னை நீங்க என்று பேசியவள் அன்று நீ என்று இறங்கினாள்.

"அப்பா இன்னா கேட்டாருன்னு நெனச்ச நீ? அந்த லேபிள் கப்பலு இருக்குதே, அது எங்க பெரியப்பா. யுத்தத்துல கப்பல்ல கரி தள்ளப் போனாரு. கப்பலோட போயிட்டாரு. கல்லறை கெடையாது, ஒரு கடுதாசி கெடையாது. அந்த வருசத்த கர்த்தரு அப்பவே குறிச்சு வெச்சிருந்தாருன்னு நெனச்சாத்தான் எங்கப்பாவுக்குத் தூக்கமே வரும். நீ பாட்டுக்கு எழுந்து பத்து வருசம் தள்ளி வெச்சிட்ட. அப்போ அவரு இன்னாத்துக்கு செத்தாரு? சொல்லு."

நாள் முழுக்க எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவன், 597-லிருந்து எண்ணினால் 1924 வரும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ரயில் வந்தது, அவள் ஏறிக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அப்பாவும் மேஸ்திரியும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. எனக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள், நல்லவள், வருஷம் எதுவும் கேட்காதவள். உலகம் நிலையைத் தொடவேண்டிய வருஷம் வந்து, மற்ற வருஷங்களைப் போலவே போய்விட்டது. மேஸ்திரி அதைப் பார்க்க இல்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, டீ கொட்டிய கதைக்கு வருகிறேன். வகுப்பு முடிந்ததும் இளம் போதகரிடம் போய், "அந்த ஐந்நூத்தி தொண்ணூத்தேழுல என்ன நடந்துச்சு ஐயா?" என்று கேட்டேன். "நேபுகாத்நேச்சார் முதல்ல வந்தது அப்போதான் தாத்தா. ராஜாவையும் பத்தாயிரம் பேரையும் சிறைபிடிச்சுட்டுப் போனான். ஊரை இடிச்சுத் தரைமட்டமாக்கினது அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு" என்றார்.

வெளியே வந்து கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக் கணக்கு என்று நான் வாய்க்கு வந்தபடி சொன்ன வருஷத்திலும் ஜனங்கள் கட்டப்பட்டு நடந்து போயிருக்கிறார்கள். இத்தனை காலம் அது யாருமே இல்லாத வருஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கால் தானாகக் கல்மண்டபத்துப் பக்கம் போயிற்று. சந்து இல்லை. அகலமாக்கிவிட்டார்கள். மேஸ்திரி வீடு இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. சுவர் இல்லை, நிலை இல்லை, ஆதாம் இல்லை, கப்பல் இல்லை. என் அப்பா இல்லை. தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்ற லில்லி இறந்து மூன்று வருஷம் ஆகிறது என்று கோயிலில் சொன்னார்கள். இருந்திருந்தால் ஓடிப்போய், நான் சொன்னதும் நிஜமான வருஷம்தான் லில்லி என்று சொல்லியிருப்பேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, எங்க பெரியப்பா இன்னாத்துக்கு செத்தாரு என்று மறுபடியும் கேட்டிருப்பாள். நான் ஸ்டேஷன் வாசலில் நின்ற மாதிரியே நின்றிருப்பேன்.