டயருக்குள் போன பந்து

மகளுக்குக் கேக் செய்ய முட்டை வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது.

நாமக்கல்லில் எங்கள் கோழிப்பண்ணைக்குப் பின்னால், வேப்பமரத்தில் ஒரு பழைய லாரி டயர் தொங்கும். அப்பாவின் தங்கை, என் சின்ன அத்தை, அதன் ஓட்டைக்குள் பந்தெறிந்து பழகுவாள். மாநில பேஸ்பால் அணிக்குப் பந்தெறிபவள் அவள்தான். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான தேர்வுக்கு முந்தின நாள்.

அன்று முழு வேகத்தில் எறிந்தாள். காய்ந்த விறகு முறிந்ததுபோல் ஒரு சத்தம். யாரும் அவளைத் தொடவில்லை, அவள் விழவுமில்லை. ஆனால் முழங்கைக்கு மேலே வலது கை துவண்டு தொங்கியது. இடது கையால் அதைத் தாங்கியபடி அப்படியே நின்றாள்.

அப்பா ஓடிவந்து, வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவிக் கையில் கட்டுப் போட்டார். "பந்து எறிஞ்சா எலும்பு ஒடியுமாம்மா? எங்கயாச்சும் உண்டா?"

டயர் பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளை என்னைத்தான் அத்தை பார்த்தாள். "சாமி, பந்து உள்ள போச்சா?"

"போச்சுங்க அத்தை."

அதன்பிறகு அவள் பந்தே எறியவில்லை.

"அம்மா, கை வலிக்குதா?" என்கிறாள் மகள். குனிந்து பார்க்கிறேன். என் வலது கையை இடது கை தாங்கிப் பிடித்திருக்கிறது.