வண்டியில் உட்காரும் ஆள்

எங்கள் வீட்டில் ஊர் சுற்றப் போனால் ஒரு ஆள் வண்டியில் உட்கார வேண்டும். தூங்குகிற பிள்ளைக்கும் பைகளுக்கும் நடக்க முடியாத பெரியவருக்கும் துணையாக. எங்கள் பெரிய மகள் பிறந்ததிலிருந்து அந்த ஆள் நான்தான். யாரும் உத்தரவு போடவில்லை. கார் நிற்கும், சின்னவன் என் மடியில் தூங்கிக்கொண்டிருப்பான், பக்கத்தில் என் மாமியார் முட்டியைத் தேய்த்தபடி, "நீங்க போயிட்டு வாங்க, என்னால ஆவாது" என்பார். அவ்வளவுதான், என் சுற்றுலா முடிந்தது.

என் கணவருக்குச் சாலையோரம் சுற்றுலா இடம் காட்டும் பழுப்பு நிறப் போர்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. "போற வழிதான, பத்தே நிமிஷம்" என்று காரைத் திருப்பிவிடுவார். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாகும். சாத்தனூர்க் கல்மரத்துக்கு அப்படித்தான் போனோம். நான் பார்த்தது வெளியே நின்ற வேப்பமரத்தை. கங்கைகொண்ட சோழபுரத்தில் யாரிடம் இளநீர் வாங்கினால் வழுக்கை பதமாக இருக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன். நந்தி எவ்வளவு பெரியது என்று கேட்காதீர்கள். திரும்பி வந்ததும் போனை நீட்டி, "எல்லாம் எடுத்திருக்கேன், பாரு" என்பார். விருந்து சாப்பிட்டு வந்தவர் பசியோடு இருப்பவளிடம் எச்சில் இலையைக் காட்டுவது போல இருக்கும்.

போன கோடை விடுமுறையில் பாண்டிச்சேரி போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரம்பலூர் வரப்போகிறது என்னும்போது ரஞ்சன்குடிக் கோட்டை தெரிந்தது. காலேஜ் படித்த காலத்திலிருந்து பஸ் ஜன்னல் வழியாக நான் பார்த்துவரும் கோட்டை. ஒருநாளும் உள்ளே போனதில்லை. பக்கத்தில் இருப்பது எங்கே ஓடிவிடப் போகிறது என்ற நினைப்புதான். ஊர் ஊராகப் போர்டு பார்த்து வண்டியைத் திருப்பிய மனுஷர் இதற்கு மட்டும் வேகத்தைக் குறைக்கவே இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கோட்டைக்குத் திருப்புங்க" என்றேன்.

"இப்பவா? அரை மணியில வூட்டுக்குப் போயிடலாம். இத எப்ப வேணா பாத்துக்கலாம்."

"அந்த எப்ப வேணா இப்பதாங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, திருப்பிவிட்டார். கோட்டை வாசலில் இறங்கி, சின்னவனைத் தூக்கி அவர் மடியில் கிடத்தினேன். "நீங்க உக்காருங்க. நான் பாத்துட்டு வரேன்." பெரியவள் அதற்குள் உள்ளே ஓடிவிட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பின்கதவு திறந்தது. என் மாமியார் காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"இரும்மா, நானும் வரேன்."

எனக்கு மகிழ்ச்சியாக இல்லை, எரிச்சல்தான் வந்தது. முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுவார், நானும் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் உட்காரவில்லை. சேலையை இடுப்பில் ஏற்றிச் செருகிக்கொண்டு, ஒரு கையைச் சுவரிலும் இன்னொரு கையை என் தோளிலும் ஊன்றி ஏறினார். படிகள் செங்குத்தாக இருந்தன. வாட்ச்மேன் கீழிருந்து, "மூடற நேரம்மா, மேல போவாதீங்க" என்று கத்தினார். "மூடறதுக்குள்ள எறங்கிடுவோம் தம்பி" என்று இவர் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றவரைப் பார்க்க எனக்கே பயமாகிவிட்டது.

"போதும் அத்தை, எறங்கிடலாம்."

"நீ கோட்டையப் பாக்க வந்தியா, என்னயப் பாக்க வந்தியா? நட."

நடந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது காற்று ஆளைத் தள்ளியது. அகழி, அதைத் தாண்டி வயல், அதற்கும் அப்பால் நெடுஞ்சாலையில் லாரிகள். கீழே எங்கள் கார் சின்னதாக நின்றது. வெகுநாள் கழித்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரியவள் மதில் ஓரமாக ஏதோ ஒரு குகை வாசலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி வலிக்கலையா அத்தை?"

"வலிக்காம என்ன? வலிக்கத்தான் செய்யுது." வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இப்படி மெல்ல மெல்ல எல்லா எடத்தையும் பாத்திருப்பேன். நீ கைப்புள்ளயோட தனியா உக்காந்திருப்பியேன்னுதான் ஆவாதுன்னு சொல்லிட்டு இருந்தேன்."

அவருக்காகத்தான் நான் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, இத்தனை வருஷமும் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவரோ எனக்காக உட்கார்ந்திருக்கிறார். ஒருத்திக்கு ஒருத்தி காவல் இருந்தே இரண்டு பேரும் எதையும் பார்க்காமல் விட்டிருக்கிறோம். அழுகை வந்தது. கோபமும் வந்தது.

கீழே ஹார்ன் அடித்தது. விடாமல் அடித்தது. சின்னவன் எழுந்து அழ ஆரம்பித்திருப்பான். என் கால்கள் தாமாகவே படியின் பக்கம் திரும்பின. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"அடிக்கட்டும். இனிமே கொஞ்ச வருசம் எம் மவன் வண்டியில உக்காரட்டும். அந்தப் பக்கம் என்னமோ மண்டபமாட்டம் தெரியுது பாரு. வா, போவோம்."